ஸ்கில்ஸ் லேப் பொறுப்பை உங்கள் தலையில் கட்டினால்

நான் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் துறை உதவிப் பேராசிரியர். வருடத்துக்கு 150 எம்.பி.பி.எஸ். சீட் உள்ள கல்லூரி. 2022 ஜனவரியில் ஒரு நாள் மூன்றாவது கேஸ் முடிந்து ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வருகிறேன், டீன் அறையிலிருந்து அழைப்பு. "ஸ்கில்ஸ் லேப் இனிமே உங்க பொறுப்பு மேடம். டியூப் போடுறது, சிபிஆர் எல்லாம் உங்க டிபார்ட்மென்ட்தானே, உங்களுக்கு ஈஸி" என்றார். நோயாளியைத் தொடுமுன் ஊசி போடுவது, நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் சிபிஆர் போன்றவற்றை மாணவர்கள் பொம்மையில் பழகும் அறைதான் ஸ்கில்ஸ் லேப். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு 'சரி சார்' மூன்று வருடத்தை விழுங்கியது. கல்லூரிப் பணத்தில் பல லட்சம் வீணாய்ப் போனது. என் கையிலிருந்து 38,000 ரூபாய் போனது. ஒரு மாணவியிடம் மன்னிப்பும் கேட்க வேண்டி வந்தது. யாராவது முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதியாவது மிச்சமாகியிருக்குமே என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரோ கம்பெனியின் பெயரோ சொல்லப் போவதில்லை. பொறுப்பு எடுத்த மற்ற கல்லூரிக்காரர்களிடம் பிறகு பேசியபோது, ஊர்தான் வேறு, கதை ஒன்றே என்று தெரிந்தது.

இந்த லேப் எதற்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. நான் படித்த காலத்தில் முதல் வென்ஃப்ளானை, அதாவது டிரிப் ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் ஊசிக்குழாயை, ஒரு பாட்டியின் கையில் போட்டேன். நான்கு முறை குத்தினேன். "பரவால்ல கண்ணு, நீயும் கத்துக்கணும்ல" என்று அவரே என்னைத் தேற்றினார். இன்றைக்கு அப்படிக் கையை நீட்டும் நோயாளி கிடையாது, நீட்டச் சொல்வதும் நியாயம் இல்லை. போதாததற்கு 2019-இல் புதிய பாடத்திட்டம் வந்தது. ஊசி போடத் தெரியும் என்று பரீட்சையில் எழுதினால் மட்டும் போதாது, செய்து காட்ட வேண்டும், லாக்புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த முதல் பேட்ச்சே கொரோனாவில் மாட்டி வார்டையே சரியாகப் பார்க்காமல் மேலே வந்துவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2020 ஒழுங்குமுறைகளோ 150 சீட் வரைக்கும் 600 சதுர மீட்டரில் ஸ்கில்ஸ் லேப் வேண்டும் என்றன. நிர்வாகத்தின் கண்ணில் பட்டது அந்த 600 மட்டும்தான். இடம் தயார், பொம்மை வாங்குங்கள், இன்ஸ்பெக்ஷன் வரப் போகிறது என்றார்கள்.

40 லட்சம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் 22 லட்சத்தை ஒரே ஒரு பொம்மைக்குக் கொடுக்க வைத்தது நான்தான். டெமோ நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. விற்பனைக்கு வந்த பையன் டேப்லெட்டில் தட்டத் தட்ட, பொம்மை கண் சிமிட்டியது, நெற்றியில் வியர்த்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, மணிக்கட்டைப் பிடித்தால் நாடி துடித்தது. கடைசியில் நெஞ்சு வலிக்கிறது என்று அமெரிக்க உச்சரிப்பில் ஆங்கிலத்தில் முனகியது. துறைத் தலைவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். எங்கள் ஊர் நோயாளி யாரும் அப்படி முனக மாட்டார் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. கையில் உள்ள ரத்தக்குழாய் எத்தனை குத்து தாங்கும், மாற்ற என்ன விலை, அந்த விலை எத்தனை வருடத்துக்கு மாறாது? மேல்தோல், நுரையீரல் பை, டியூப் தனித்தனியாக என்ன விலை? கரண்ட் போய் வந்தால் கம்ப்ரஸருக்கு என்ன ஆகும், ஸ்டெபிலைசர் உங்கள் செலவா எங்கள் செலவா? சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார்? டேப்லெட் கெட்டால் வேறு டேப்லெட்டில் ஓடுமா? எல்லாவற்றுக்கும் பதிலை வாயால் வாங்காமல் கொட்டேஷனிலேயே எழுதி வாங்க வேண்டும். இன்னொன்று, அதே பொம்மையை இரண்டு வருடமாக வைத்திருக்கும் ஒரு கல்லூரிக்கு நேரில் போய்விட்டு வாருங்கள். போனால் பேராசிரியரிடம் பேச வேண்டாம், அவர் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். அதைத் துடைத்து வைக்கும் அட்டெண்டரிடம் பேசுங்கள்.

வாரண்டி விஷயத்தில் நான் ஏமாந்ததைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஆர்டர் போட்டு, 2022 ஜூலையில் பெட்டிகள் வந்துவிட்டன. லேபில் ஃபால்ஸ் சீலிங் முடியவில்லை, ஏசி வரவில்லை, மின் இணைப்புக்கு வேறொரு கையெழுத்து பாக்கி. ஏழு மாதம் 22 லட்ச ரூபாய் ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டிக்குள் தூங்கியது. 2023 பிப்ரவரியில்தான் பிரித்து மாட்டினோம். வாரண்டி ஒரு வருடம். மாட்டிய நாளிலிருந்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்வாய்ஸ் தேதியிலிருந்து என்று காகிதத்தில் இருந்தது. ஆகஸ்டில் ஒரு மழை நாள், கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் உள்ளே ஒரு போர்டு கருகிவிட்டது. வாரண்டி முடிந்து மூன்று வாரம். சரிசெய்ய 2,80,000 ரூபாய் எஸ்டிமேட் வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் காசு இல்லைதான், ஆனாலும் பர்ச்சேஸ் ஃபைலில் இருப்பது என் கையெழுத்து. அறை முழுதாகத் தயாராகும் வரை டெலிவரி எடுக்காதீர்கள். வாரண்டி நிறுவிய தேதியிலிருந்து என்று ஆர்டரிலேயே எழுத வையுங்கள். மூன்று வார்த்தைதான், எழுதாததால் போனது ஏறக்குறைய மூன்று லட்சம்.

பெரிய பொம்மையை விடுங்கள், சின்னச் சின்னவற்றைக் கெடுத்ததும் நாங்களேதான். பிரித்த அன்று, தரையில் தூசி படக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில், ஒரு பொம்மைக் கையைச் செய்தித்தாள் மேல் வைத்தோம். ஒரு வாரம் கழித்து எடுத்தால் முழங்கையில் ஒரு நகைக்கடை விளம்பரம் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. அச்சு மை அந்தத் தோலுக்குள் இறங்கினால் வெளியே வராது, பால்பாயிண்ட் பேனாவும் அப்படித்தான். இன்னொரு பேட்ச் மாணவர்கள் வார்டுப் பழக்கத்தில் பெட்டாடின் தடவிவிட்டார்கள். அந்த இடுப்பு இன்றைக்கும் மஞ்சள் காமாலை மாதிரி இருக்கிறது. கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாய் போடும் மாடலுக்கு ஜெல்லி தீர்ந்துபோனதென்று ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) வாசலின் போட்டார், ரப்பர் ஊதிப் பிசுபிசுத்தது. கூட வந்த மசகைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். தீர்ந்தால் தண்ணீர் அடிப்படையிலான ஜெல்லி, அதுவும் கையேடு அனுமதித்தால் மட்டும். வகுப்பு முடிந்ததும் தண்ணீர் போன குழாய்களை எல்லாம் வடித்துக் காய வைக்காவிட்டால் பத்தே நாளில் உள்ளே பூஞ்சை வந்துவிடும். இதெல்லாம் கையேட்டில் இருந்தது. கையேட்டை நான் படித்தது எல்லாம் கெட்ட பிறகு.

அடுத்த கணக்கு இன்னும் கசப்பு. 150 மாணவர்கள், ஆளுக்கு மூன்று முறை வென்ஃப்ளான் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் 450 குத்து. எங்களிடம் இருந்தவை இரண்டு கைகள். இரண்டாவது மாதமே எங்கே குத்தினாலும் சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. மாற்றுத் தோலும் குழாயும் கேட்டு இண்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) போட்டால், "இப்பதானே மேடம் 40 லட்சத்துக்கு வாங்குனோம்" என்று திரும்பி வந்தது. ஒருமுறை வாங்குவதற்குத் தலைப்பு இருக்கிறது, வருடா வருடம் தீர்ந்துபோகும் பொருளுக்கு பட்ஜெட்டில் தலைப்பே இல்லை! ஆகவே முதல் பட்ஜெட்டிலேயே ஐந்தில் ஒரு பங்கையாவது உதிரிக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியில் பொம்மை பாருங்கள். இது என் சொந்தக் கணக்கு, சட்டம் ஒன்றும் இல்லை.

அப்போது கைகொடுத்தவர் எங்கள் லேப் அட்டெண்டர். ஐம்பதைத் தாண்டியவர், வேலைக்கு வருமுன் பஸ் சீட் தைக்கும் பட்டறையில் இருந்தவர். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "இதுக்குப் போயா மேடம்? ஃபோம், ரெக்ஸின், பழைய டிரிப் டியூப் இருந்தா நானே செஞ்சு தரேன்" என்றார். மறுநாள் ஒன்று செய்துகொண்டு வந்தார். ஃபோம் கட்டையில் பள்ளம் வெட்டி டியூபைப் பதித்து, மேலே மெல்லிய ரெக்ஸினை இழுத்துக் கட்டி, ஒரு முனையில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார். குத்தியதும் ஊசியின் பின்னறையில் சிவப்பு ஏறியது. "அண்ணே, நீங்கதான் எங்க சிமுலேஷன் டைரக்டர்" என்றேன். ஒன்றுக்கு 140 ரூபாய் ஆனது. முப்பது செய்து மேசைக்கு மேசை வைத்தோம். தையலுக்கு வாழைப்பழத் தோலும் கோழித்தொடையும். கழுத்தில் அவசர வழி திறக்கும் பயிற்சிக்குக் கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கிய ஆட்டு மூச்சுக்குழல். என் சொந்தக் காசு போனது பெரும்பாலும் இப்படித்தான், நாடகக் கலைஞர்களுக்குக் கொடுத்தது தனி, அதைப் பிறகு சொல்கிறேன். இதில் புதுமை ஒன்றும் இல்லை. சுஸ்ருத சம்ஹிதையிலேயே பயிற்சிக்கென்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. பூசணி, சுரைக்காய், வெள்ளரியில் வெட்டிப் பழகு, தாமரைத் தண்டில் குத்திப் பழகு, துணியிலும் மெல்லிய தோலிலும் தைத்துப் பழகு, துணிப் பொம்மையில் கட்டுப்போட்டுப் பழகு என்று பொருளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துச் சொல்கிறது. டெமோவுக்கு முன்னால் அதை ஒரு முறை படித்திருக்கலாம்.

பொருள் பிரச்சினை ஒருவழியாய் அடங்கியதும் நேரப் பிரச்சினை வந்தது. டைம்டேபிளில் 30 பேருக்கு இரண்டு மணி நேரம். ஒரு நாள் சும்மா மொபைலில் நேரம் பார்த்தேன். ஒரே பொம்மையைச் சுற்றி 30 பேர். 120 நிமிடத்தைச் சமமாகப் பிரித்தாலே ஆளுக்கு நான்கு நிமிடம்தான். ஆனால் அதில் 50 நிமிடம் நானே பேசிவிட்டேன். முன்வரிசையில் இருந்த எட்டுப் பேர் மட்டும் கையால் தொட்டார்கள், மற்றவர்கள் முதுகைப் பார்த்தார்கள், கடைசி வரிசை இன்ஸ்டாகிராம் பார்த்தது. லாக்புக்கில் 30 பேருக்கும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தின் கூச்சத்தில்தான் முறையை மாற்றினேன். ஐந்து மேசை, மேசைக்கு ஆறு பேர், மேசைக்கு ஒரு ஹவுஸ் சர்ஜன். நான் பேசுவதைப் பத்து நிமிட வீடியோவாக்கி முந்தின இரவே அனுப்பிவிட்டேன். மேசையில் முதலில் ஹவுஸ் சர்ஜன் வாயே திறக்காமல் வழக்கமான வேகத்தில் ஒரு முறை செய்வார். பிறகு ஒவ்வொரு அடியாக விளக்கிக்கொண்டே செய்வார். மூன்றாவது முறை மாணவர் அடுத்தது என்ன என்று சொல்லச் சொல்ல அவர் செய்வார். நான்காவதாக மாணவரே சொல்லிக்கொண்டு செய்வார். பெய்ட்டன் முறை என்று இதற்குப் பெயர். மூன்றாவது படியை நேரம் இல்லை என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள், தயவுசெய்து விடாதீர்கள். "அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டதும் மாணவர் முழிக்கும் அந்த இடத்தில்தான் அவருக்கு என்ன தெரியவில்லை என்பது தெரிகிறது. கதீட்டர் மேசையில் பாதிப் பேர், சிறுநீர் வருகிறதா என்று பார்க்காமலே, குழாயை உள்ளே பிடித்து நிறுத்தும் பலூனை ஊதச் சொன்னார்கள். வார்டில் அது ஒரு ஆணின் சிறுநீர்த்தாரையைக் கிழித்திருக்கும்.

ஹவுஸ் சர்ஜன்களை முதலில் ஒரு மதியம் உட்கார வைத்துப் பழக்கிவிடுங்கள். அவர்கள் வார்டில் கற்ற குறுக்கு வழிகளையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பார்கள்.

இப்போது அந்த மாணவி விஷயம். 2023 மே மாதம், பெரிய பொம்மை உயிரோடு இருந்த காலம். இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு சூழ்நிலை வைத்தேன். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்ட இரண்டாவது நிமிடம் நோயாளிக்கு மூச்சு இழுக்கிறது, உடம்பெல்லாம் தடிப்பு, பிரஷர் இறங்குகிறது. கடுமையான ஒவ்வாமை, அனஃபிலாக்ஸிஸ். செய்ய வேண்டியது தெளிவு. தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின், உடனே. அமைதியான, நன்றாகப் படிக்கும் ஒரு பெண் முன்னால் வந்தார். ஆக்ஸிஜன் போட்டார், உதவிக்கு ஆள் கூப்பிட்டார், காலைத் தூக்கி வைத்தார், சலைனைத் திறந்துவிட்டார், எல்லாம் சரி. மருந்து ட்ரேயைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். அப்புறம் ஒவ்வாமைக்குத் துணை மருந்துகளான ஹைட்ரோகார்ட்டிசோனும் ஏவிலும் எடுத்தார். நான் டேப்லெட்டில் பிரஷரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஆறாவது நிமிடம் மானிட்டரில் நேர்கோடு. இருபது பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்னேன்: "ஒரே ஒரு ஆம்ப்யூல் அட்ரினலின். அதுகூடத் தோணலையா? ஒரு ஆளைக் கொன்னுட்டீங்க." அவர் "சாரி மேம்" என்றார். அடுத்த மூன்று வகுப்புக்கும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று தோழிகள் சொன்னார்கள். நல்ல பாடம், இனி மறக்க மாட்டார் என்று நான் பெருமையாகவே நினைத்தேன். என் ஆசிரியர்கள் எனக்குச் செய்ததைத்தான் நானும் செய்தேன்.

ஆகஸ்டில் போர்டு கருகியபோது இருப்புக் கணக்கு எடுக்க வேண்டி வந்தது. மருந்து ட்ரேக்கான பட்டியலை நான் வாசிக்க வாசிக்க அண்ணன் டிக் போட்டுக்கொண்டு வந்தார். "அட்ரினலின் பத்து" என்றேன். "அட்ரினலின்னு ஒட்டுனது நம்மகிட்ட எப்பவுமே இருந்ததில்லையே மேடம். ஸ்டோர்ஸ்ல இருந்து இண்டென்ட் திரும்பி வந்துச்சே, நீங்கதான் அப்புறம் பாத்துக்கலாம்னீங்க" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்தப் பெண்ணை அன்று மாலையே அழைத்தேன். "அட்ரினலின்தான்னு உனக்கு அன்னைக்கே தெரியுமாம்மா?" "தெரியும் மேம். ட்ரேல ரெண்டு தடவ தேடுனேன். நீங்க வேணும்னே எடுத்து வெச்சிட்டு, அது இல்லாம எப்படிச் சமாளிக்கறேன்னு பாக்கறீங்கன்னு நெனச்சேன்." "அப்பவே ஏம்மா சொல்லல?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க கேக்கல மேம்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் இருந்த அறையில் தனியாக ஒரு முறை, அந்த இருபது பேர் முன்னால் ஒரு முறை. இரண்டாவது கஷ்டமாக இருந்தது.

சூழ்நிலை முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுவதுதான் பாடம் என்பதை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். என் துறைக்காரர்தான், ஸ்டான்ஃபோர்டின் டேவிட் காபா, சிமுலேஷன் என்பது ஒரு உத்தி, அது கருவி அல்ல என்று 2004-இலேயே எழுதியிருக்கிறார். நான் 22 லட்சத்துக்குக் கருவி வாங்கியவள். இப்போது நான் செய்வது இதுதான். பத்து நிமிடச் சூழ்நிலைக்கு இருபது நிமிடப் பேச்சு. பொம்மை கிடக்கும் அறையில் பேசுவதில்லை, பக்கத்து அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நானும் உட்காருவேன். முதல் கேள்வி, "எப்படி இருந்துச்சு?" மனசில் உள்ள படபடப்பு வெளியே வந்துவிடட்டும். அப்புறம் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன், தீர்ப்புச் சொல்ல மாட்டேன். "ட்ரேயை ரெண்டு தடவ பாத்தீங்க, அப்புறம் ஹைட்ரோகார்ட் எடுத்தீங்க. அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சு?" இந்த ஒரு கேள்வியை மே மாதமே கேட்டிருந்தால் காலி ட்ரே அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கடினம். நம் பிள்ளைகள் உடனே பேச மாட்டார்கள், மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். வரும் முதல் பதில் அநேகமாக "சாரி மேம்" ஆக இருக்கும். எங்கள் வட்டத்தில் சாரி சொன்னால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்று விதி வைத்தேன். முதல் மாதம் டீக்கடைக்காரருக்கு நல்ல வியாபாரம், பிறகு குறைந்துவிட்டது.

பொம்மையைச் சாகடிப்பதா இல்லையா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். மரணச் செய்தி சொல்வதுதான் அன்றைய பாடம் என்றால் சரி. மாணவர் தவறியதற்குத் தண்டனையாக வேண்டவே வேண்டாம். ட்ரேயை ஒரு ஆள் பட்டியலை வாசித்து இன்னொரு ஆள் தொட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் இப்போது கதவைத் திறக்கிறோம். அதிலும் ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்கென்று தண்ணீர் நிரப்பி லேபிள் ஒட்டிய ஆம்ப்யூல்களும் காலாவதியான பொருட்களும் ஒன்றுகூட லேபை விட்டு வெளியே போகக்கூடாது. எங்கள் ஹவுஸ் சர்ஜன் ஒருவரின் கோட் பையிலிருந்து வார்டு சிஸ்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நல்லவேளை, அவர் லேபிளை வாசிக்கிற சிஸ்டர். இப்போது எல்லாவற்றிலும் சிவப்பு எழுத்தில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று இருக்கும், வெளியே போகும்போது பையைத் தட்டிக் காட்ட வேண்டும்.

பெரிய பொம்மை படுத்துவிட்டதால் ஒரு நல்லதும் நடந்தது. நிஜ மனிதர்களை நோயாளியாக நடிக்க வைக்கும் முறை 1963-இலேயே ஹவார்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அமெரிக்காவில் தொடங்கியது. எங்கள் ஊரில் மேடை நாடகம் போடுகிறவர்களைக் கேட்டேன், அரை நாளுக்கு 800 ரூபாய் என்று பேசி, அறுபது வயது அம்மா ஒருவர் வந்தார். கல்லூரிக் கணக்கில் நடிகைக்குச் சம்பளம் கொடுக்கத் தலைப்பு இல்லாததால் முதல் ஆறு மாதம் நான் கொடுத்தேன், இப்போது கெஸ்ட் லெக்சர் என்று போகிறது. இணையத்தில் எடுத்த ஆங்கில ஸ்கிரிப்ட்டில் நோயாளி, நெஞ்சை அழுத்துகிறது, இடது கைக்குப் பரவுகிறது என்று ஒழுங்காகச் சொல்லிவிடுவார். இந்த அம்மா அதை வாசித்துவிட்டு, "யாரு கண்ணு இப்படிப் பேசுவாங்க?" என்று கேட்டுத் தானே மாற்றினார். "ஒண்ணுமில்ல தம்பி, நேத்து பருப்பு சாப்பிட்டேன், வாயு புடிச்சிக்கிச்சு, முதுகுப் பக்கம் இழுக்குது. ஒரு ஊசி போட்டா போயிடும், நான் வீட்டுக்குப் போகணும், மாடு கட்டல." எட்டுக் குழுவில் ஐந்து குழு ஆன்டாசிட் எழுதிக் கொடுத்து அனுப்பியது. ஈசிஜி எடுக்கத் தோன்றவில்லை. புத்தகத்தில் இருக்கும் மாரடைப்பு வேறு, மாடு கட்டாமல் வந்திருக்கும் மாரடைப்பு வேறு. அடுத்த தடவை கூடவே ஒரு மருமகனையும் சேர்த்தோம். அவர் போனில் பேசிக்கொண்டே நடுவில் "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லியே டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வெளி மாநில மாணவர்களுக்கு இந்த அம்மா தமிழ் டீச்சரும்கூட. முடிவில் அவர் சொல்லும் கருத்துக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். ஒருவனிடம், "எல்லாம் சரியாத்தான் கேட்ட. ஆனா ஒரு தடவகூட என் மூஞ்சியப் பாக்கல சாமி" என்றார். இதை நான் பத்து முறை சொல்லியிருக்கிறேன், ஏறவில்லை.

லேபால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். ஃபோம் கட்டையில் இருக்கும் குழாய் ஓடாது, நழுவாது, வயதானவர்களின் ரத்தக்குழாய் ஊசியைக் கண்டதும் விலகிப் போகும். முப்பது முறை இங்கே போட்டவருக்கும் வார்டில் முதல் இரண்டு தவறலாம். என்ன செய்ய வேண்டும் என்ற வரிசை கையில் பதிந்திருக்கும், கை நடுக்கம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். சிபிஆர் அதைவிட மோசம். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்று பயிற்சி முடிந்த அன்று எல்லோரும் கச்சிதமாகச் செய்வார்கள். சில மாதம் கழித்துத் திடீரென்று கூப்பிட்டுச் செய்யச் சொன்னேன், பாதிப் பேர் தடவிக் கொடுத்தார்கள். வருடத்துக்கு ஒரு நாள் பெரிய வொர்க்‌ஷாப், சான்றிதழ், குரூப் போட்டோ என்பதை நிறுத்திவிட்டு, அழுத்தினால் சொடுக்குச் சத்தம் கேட்கும் ஒரு மார்பு மாடலை ஹாஸ்டல் மெஸ் வாசலில் வைத்துவிட்டோம். சாப்பிடப் போகும்போது மாதம் ஒரு தடவை இரண்டு நிமிடம் அழுத்திவிட்டு நோட்டில் பெயர் எழுத வேண்டும். மெஸ் மாஸ்டர் இப்போது எங்கள் ஹவுஸ் சர்ஜன்களைவிட நன்றாக அழுத்துகிறார்.

அந்த மாணவி 2024-இல் எங்களிடமே ஹவுஸ் சர்ஜனாக இருந்தார். அனஃபிலாக்ஸிஸ் மேசையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

22 லட்ச ரூபாய் பொம்மை இன்னும் அதே கட்டிலில்தான் படுத்திருக்கிறது. 2,80,000 ரூபாய் எஸ்டிமேட் இருக்கும் ஃபைல் இரண்டு வருடமாக அக்கவுண்ட்ஸில். போன மாதம் அதே ஃபைலில், அந்தத் தொகைக்குப் பதிலாக 200 ரெக்ஸின் கை, ஒரு வருடத்துக்கு நாடகக் கலைஞர் நால்வர், ஒரு முழுநேர டெக்னீஷியன் என்று நான் எழுதிய கடிதத்தை இணைத்தேன். "டெக்னீஷியன் யாரு, புது ஆளா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆள் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறார், பதவி உயர்வு கொடுத்தால் போதும் என்று பதில் எழுதியிருக்கிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.